மதினி முகம் வந்தால் நின்றுவிடும் மிஷின்

இல்லை அக்கா, இது மிக்சி இல்லை. கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். இது கம்ப்யூட்டர். டிவி மாதிரி தெரியுமே, அது இல்லை. அதற்குப் பக்கத்தில் பெட்டியாக நிற்குமே, அது. துண்டைச் சுற்றி மடியில் வைத்திருக்கிறேனா, கைப்பிள்ளை என்று நினைத்து ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் போய் இது பிள்ளை இல்லை என்று சொன்னால் அவருக்குத்தானே சங்கடம்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். அதோ, டிரைவருக்குப் பின்னால், பச்சைச் சேலை, மடியில் முறத்தோடு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் மதினி. எங்கள் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா. முறத்தை எதற்குப் பஸ்ஸில் தூக்கி வருகிறார் என்றுதானே பார்க்கிறீர்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டே அப்படித்தான் பார்த்தது. சொல்கிறேன். கழுகுமலை வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். முடியாவிட்டால் அது என் தப்பு இல்லை, பஸ் வேகமாகப் போகிறது.

எங்கள் வீட்டுக்காரர் தவசி கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் எடுப்பார், நான் வெட்டி ஒட்டிக் கோத்துக் கொடுப்பேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் யார் பொண்ணுக்கு அம்மா, யார் மாப்பிள்ளைக்குச் சித்தி, யாரை விட்டால் சண்டை வரும் என்று தெரிய பத்தாவது வேண்டுமா? அதெல்லாம் எனக்குப் படத்தைப் பார்த்தவுடன் தெரியும்.

தெரியாமல் போனது எங்கள் மிஷினுக்குத்தான். அது பழசு. வெட்டும்போது படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும் இல்லையா, பிரிவியூ என்பார்கள், அது ஓடவே ஓடாது. படம் சிலை மாதிரி நின்றுவிடும், சத்தம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். காதில் கெட்டிமேளம் கேட்கும், படத்தில் மாப்பிள்ளை இன்னும் காரைவிட்டே இறங்கியிருக்க மாட்டார். அப்புறம் திடீரென்று நாலு தாவு தாவி, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்று நான் எங்கே பார்ப்பது? சட்னிக்கு உப்புப் போடுகிற மாதிரி குத்துமதிப்பாகத்தான் வெட்டுவேன்.

அப்படிக் குத்துமதிப்பாக வெட்டியதில்தான் மதினி போய்விட்டார்.

என் மகன் கல்யாண வீடியோ அக்கா. எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. அதனால் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை செய்ய வேண்டியதை எல்லாம் அத்தை முறையில் மதினிதான் செய்தார். விளக்குப் பிடித்தார், தாலி முடிச்சுப் போட்டார். பட்டுச் சேலை கசங்காமல் அன்று முழுக்கக் குனியாமலே நின்றார். வீடியோவைப் போட்டுப் பார்க்கிறோம், சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு மட்டும் தானாக நடந்து வருகிறது. ஒரு கை வருகிறது, வளையல் வருகிறது, அடுத்தது பாயசம்.

மதினி எழுந்து நின்று கேட்டார், "ஏளா கனி, அந்த வளையல் யாருது?"

"உங்களுதுதான் மதினி."

"வளையல் வந்திருக்கே, நான் வரலியா?"

அதோடு போனவர்தான். நான் வேண்டுமென்றே வெட்டிவிட்டேனாம். அன்றைக்கு மண்டபத்தில் சாதம் குழைந்துவிட்டது என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்தான். நானே நின்று பார்த்து வடிக்கச் சொன்ன சாதம். அதற்காக நான் வெட்டுவேனா? அப்படி நினைக்கிற ஆளா நான்? சாதம் பதமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசமாட்டார், அவர் சுபாவம் அப்படி. ஆனால் தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கென்று பலகாரப் பையைத் தூக்கிக்கொண்டு, மதினி தெரு முனை வரை போய், அங்கேயே வண்டியை நிறுத்தி, அதிரசத்தை எல்லாம் அவரே தின்றுவிட்டுத் திரும்பி வந்தார். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அப்புறம் மதினி மகள் முத்துஜோதிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? பத்திரிகை வைக்க வந்தார். வாசலிலேயே நின்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். "தவசி, நீயே வீடியோ எடு. வெட்டுறவங்க யாரோ வெட்டட்டும். இந்தத் தடவை நான் பொண்ணுக்கு அம்மா. அதுல என்னைக் காணும்னா, அப்புறம் நீயும் என்னைக் காண மாட்ட." வெட்டுகிற ஆள் யாரோ இல்லை, பத்தடி தள்ளிக் காபியோடு நிற்கிறேன்.

அப்போதே எங்கள் வீட்டுக்காரர் முடிவு பண்ணிவிட்டார். மிஷினைச் சரிபண்ணாமல் இந்த வீடியோவைத் தொடக்கூடாது. திருநெல்வேலியில் ஒரு கடையில் போய்க் கேட்டார். பெட்டிக்குள் பிராசசர் என்று ஒரு சில்லு இருக்கிறதாம், அதுதான் மிஷினுக்கு மூளை, அதைப் புதுசு போட்டால் பிரிவியூ தண்ணீர் மாதிரி ஓடும் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்தால் அவர்களே மாட்டித் தருவார்களாம். பஸ்ஸில் குலுங்கிவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். போனில் பார்த்து நாமே மாட்டுவோம், ஊர் உலகம் எல்லாம் மாட்டுகிறது.

கல்யாணத்தை எடுத்து முடித்த கையோடு, வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழித்து உட்கார்ந்தோம். பழைய பிராசசரைக் கழற்றி எடுத்தார். இத்தனை வருஷம் சோறு போட்டது, குப்பையில் போட மனசு வருமா? துடைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். புதுசைப் பிரித்தால், பாதித் தீப்பெட்டி அளவுதான், மேலே வெள்ளித் தகடு. என்ன பளபளப்பு என்கிறீர்கள். அத்தனை பளபளப்பை அப்படியே வெறுமையாக உள்ளே வைக்க முடியுமா? ஒரு சைக்கிள் வாங்கினால் பொட்டு வைக்கிறோம். இது மூளை.

சந்தனத்தைக் குழைத்து, தகட்டில் நாலு மூலைக்கும் வைத்து, நடுவில் பெரிதாக ஒன்று வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பெட்டிக்கு அடியில் நாலு ரப்பர் கால் இருக்கிறது, அதற்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். அது நசுங்கவில்லை, பெட்டிதான் ஆடியது.

அவர் அதுவரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். "என்னளா பண்ணிருக்க? இந்தத் தகட்டு மேலதான் காத்து வீசுற பேன் உக்காரும். நடுவுல இந்தப் பசையைத் தடவணும், அப்பத்தான் சூடு மேல ஏறி வெளிய போகும். சந்தனத்தைத் துடை."

"என்னத்தைத் துடைக்க?"

"பொட்டைத்தான்."

"வச்ச பொட்டைத் துடைன்னு ஒரு சுமங்கலிக்கிட்ட சொல்லுதீங்களே, வெள்ளிக்கிழமையும் அதுவுமா. தாலி கட்டுற படம் ஓடப்போற மிஷின். நல்ல வாயால வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிராசசரைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் சந்தனத்துக்கு மேலேயே அந்தப் பசையைத் தடவி, பேனை வைத்து டக்டக்கென்று அழுத்தி மூடிவிட்டார். சொன்னேனே, பேசாத சுபாவம்.

முத்துஜோதி கல்யாணத்தைப் போட்டேன், ஓடியது அக்கா. என்னமாய் ஓடியது தெரியுமா. நல்லெண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. வாயும் பேச்சும் சேர்ந்தே வந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புவதும் வற்றுவதும் அப்படியே தெரிந்தது. ஒரு பையன் பந்தியில் ஜாங்கிரியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான், அதுகூடத் தெரிந்தது. நான் அவரைப் பார்த்துச் சொன்னேன், "எல்லாம் சந்தனம் வச்ச நேரம்."

அந்த நேரம் பார்த்துத்தான் மதினி வந்தார். படத்தில். சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கேமராவைப் பார்த்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். மிஷின் பொத்தென்று நின்றுவிட்டது. திரை கறுப்பாகிவிட்டது.

கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால் லைட் எரிகிறது. ஆற விட்டு மறுபடியும் போட்டு, முதலிலிருந்து ஓட்டினேன். நாதஸ்வரம் வந்தது, ஜாங்கிரி வந்தது, மதினி தட்டோடு வந்தார், பொத்து. மறுபடியும் போட்டேன். அதே தட்டு, அதே பார்வை, அதே பொத்து. நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன அர்த்தம்?

சரி, மதினி வருகிற இடத்தைத் தாண்டிவிட்டு மற்றதை வெட்டுவோம் என்று, சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் ஓடிற்று, நின்றது. நின்ற இடத்தை மறுபடி போட்டு உற்றுப் பார்க்கிறேன், பந்திக்குப் பின்னால் தூண் ஓரமாக மதினி நிற்கிறார். பெண் அழைப்புக்குப் போனேன், நின்றது. அங்கேயும் காருக்குப் பக்கத்தில் மதினி. மாலை மாற்றும்போது நின்றது, பெண்ணுக்கு வலது பக்கம் மதினி. எங்கே நின்றாலும் அங்கே மதினி இருக்கிறார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஏளா, அவ பொண்ணுக்கு அம்மா, பொண்ணு இருக்க இடத்துல எல்லாம் நிப்பா," என்கிறார் இவர்.

"நான் அதைத்தான் சொல்லுதேன். எல்லா இடத்துலயும் நின்னு பாக்காங்க."

உப்பு மிளகாய் எடுத்து மிஷினுக்குச் சுற்றிப் போட்டேன். மூடியில் கறுப்பு மை வைத்தேன். கடைக்காரருக்குப் போன் போட்டால், அந்தத் தம்பி மதினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனைக் கழற்றி, துடைத்து, புதுப் பசை போடுங்கள் என்கிறார். பசை விற்கிறவர் வேறென்ன சொல்வார்? அன்று சாயங்காலம் நான் தண்ணீர் பிடித்துவிட்டு உள்ளே வருகிறேன், எங்கள் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் துணியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன பண்ணுதீங்க?"

"மூக்குக் கண்ணாடி துடைக்கேன்."

கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கிறது. துணியைப் பிடுங்கி அடுப்படியில் போட்டேன்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி வந்துவிட்டது. கழுகுமலையில் மறுவீட்டு விருந்து, எல்லாச் சொந்தமும் வருகிறது, பெரிய டிவி வாங்கியிருக்கிறோம், வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று. மதினியைச் சேர்த்தால் மிஷின் நிற்கும். சேர்க்காவிட்டால் இவருக்கு அக்கா கிடையாது. வருஷா வருஷம் அதிரசத்தைத் தெரு முனையில் நின்று தின்பாரா?

அப்போதுதான் மதினியே நேரில் வந்து நிற்கிறார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தாராம். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, மிஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

"போடு, பாப்போம்."

போட்டேன். நாதஸ்வரம், ஜாங்கிரி, தட்டு. பொத்து.

மதினி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏளா, உனக்குத்தான் என் மூஞ்சி ஆகாது. உன் மிஷினுக்குமா ஆகாது?"

"இல்ல மதினி, அது வந்து..."

"என்ன இப்படிக் கொதிக்கி? தோசையே ஊத்தலாம் போல." பெட்டி மேல் கையை வைத்துவிட்டு எடுத்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளேயிருந்து குப்பென்று வாசனை. "என்னது, சந்தனம் கருகுற வாசம் வருது?"

"பூசை போட்டோம் மதினி."

"நல்ல காரியம்," என்றார். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் என்றைக்கும் வேற்றுமை கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டில் டேபிள் பேன் ஒன்று இருக்கிறது. கழுத்து ஒடிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சுற்றும். மதினி அதைப் பார்த்தார், அடுப்படிக்குப் போனார், முறத்தை எடுத்து வந்தார், திறந்த பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீச ஆரம்பித்தார். அரிசி புடைத்த கை, சும்மாவா? என் கண்ணுக்குள் தூசி விழுந்தது. "இப்பப் போடு," என்றார்.

நாதஸ்வரம் போனது. ஜாங்கிரி போனது. தட்டு வந்தது, மதினி வந்தார், பார்த்தார், போனார். மிஷின் நிற்கவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது அக்கா. வீசும்போது அவர் கண் முறத்து மேல் இருக்கிறது. மிஷினைப் பார்க்க நேரம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். வேர்வையைத் துடைக்க ஒரு நிமிஷம் முறத்தைக் கீழே வைத்தார், திரும்பி மிஷினைப் பார்த்தார், உடனே நின்றது. "கை நிறுத்தாதீங்க மதினி," என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு முழுக்க இருந்தார். மறுநாளும் காலையிலேயே வந்துவிட்டார். நான் வெட்டுகிறேன், அவர் வீசுகிறார். வீசிக்கொண்டே, இதை வை, அதைத் தூக்கு என்று ஒரே அதிகாரம்.

"இது வேண்டாம் மதினி, இதுல நீங்க மூக்கை நோண்டுதீங்க."

"இருக்கட்டும். நான்தான்னு தெரியுதுல்லா?"

மாப்பிள்ளையின் அம்மா வந்த இடத்தில் மட்டும் வீச்சு கொஞ்சம் மெதுவாகும். நானும் படம் நின்றுவிடுமோ என்று பயந்து சீக்கிரம் சீக்கிரம் வெட்டிவிடுவேன். அந்த அம்மாள் இப்போது வீடியோவில் எத்தனை இடத்தில் இருக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தடவை மத்தியானம், அவர் கை ஓய்ந்து, இந்தத் தடவை திரை கறுப்பாகாமல் படம் அப்படியே உறைந்து நின்றது. சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மவன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் நின்னுச்சா?"

"ஆமா மதினி. படம் நின்னுரும், சத்தம் அது பாட்டுக்குப் போகும். தாவித் தாவிப் போகும்."

"அப்ப நீ வேணும்னு வெட்டலியா?"

"வெட்டுவேனா மதினி?"

முறத்தை எடுத்து மறுபடி வீசினார். அப்புறம் சொன்னார், "ஆனா சாதம் குழைஞ்சுதான் இருந்துச்சு."

வீசுகிறவரிடம் என்ன சண்டை. அன்றைக்கு அவருக்கென்று தனியாக, விறைப்பாக வடித்துப் போட்டேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் ஊற்றும்போது கவனித்தேன், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. முறத்துத் தூசி என்றார்.

வெட்டி முடித்துவிட்டோம். மதினி எல்லா இடத்திலும் இருக்கிறார், முழுசாக இருக்கிறார். ஆனால் அதைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டுமே. அதுதான் மிஷினுக்கு ரொம்பப் பெரிய வேலையாம். மதினி வீசுகிறார், நான் வீசுகிறேன், இவர் வீசுகிறார், பாதியில் நின்றுவிடுகிறது. கடைசியில் மதினிதான் சொன்னார், "எதுக்குப் போட்டு ஏத்தணும்? மிஷினையே தூக்கிட்டுப் போய் அவங்க டிவில மாட்டு. நான் பக்கத்துல உக்காந்து வீசுதேன்." இவர் வயரையும் மவுசையும் எடுத்துக்கொண்டு வண்டியில் முன்னால் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் இதோ பஸ்ஸில். சம்பந்தி வீட்டில் முறம் இருக்குமே என்றேன். பழகின முறம்தான் கைக்கு வாகு என்கிறார்.

என்ன அக்கா? என்ன சொன்னீர்கள்?

சந்தனத்தைத் துடைத்துவிட்டால் போதுமா. நீங்களுமா? கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். இவரும் அதைத்தான் சொல்கிறார். முத்துஜோதி மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், அவரும் போனில் அதையேதான் சொன்னார். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்களா? மதினி பார்ப்பதற்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம்?

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். துடைத்துவிட்டேன். மிஷினும் நிற்காமல் ஓடுகிறது. பென் டிரைவில் ஏற்றி மதினி கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்.

அப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு எதற்கு வருவார்? நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் இதைத் துண்டோடு பிடித்துக்கொள்கிறீர்களா அக்கா, நான் எழுந்திருக்க வேண்டும். மதினி கூப்பிடுகிறார்.